லிந்துலையில் ஒரு மின்விசிறி

மழை இறங்கியதும் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் எல்லாரும் ஜன்னலைச் சாத்துவார்கள், பத்திநாதன் திறப்பார். தலையில் கம்பளிக்குல்லா, உடம்பில் இரண்டு சுவெட்டர், கழுத்தில் மனைவியின் சால்வை. எதிரே மேசைமேல் இருக்கும் கம்பியூட்டருக்கோ பக்கத்து மூடிகூடக் கிடையாது. கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். "நாம இழுத்துப் போத்திக்கலாங்க. அது பாவம், உள்ளுக்குள்ளயே வேகுது."

கலியாணம், சடங்கு, ஞானஸ்நானம் என்று இந்தப் பக்கத்துத் தோட்டங்களிலெல்லாம் வீடியோ எடுத்தவர் அவர். இப்போது எல்லார் கையிலும் கேமரா இருப்பதால் புதியது எதுவும் அவரிடம் வருவதில்லை, பழையதுதான் வருகிறது. அலுமாரிக்குள் பூசணம் பூத்த கசெட்டுகள். அவற்றைத் துடைத்துக் கம்பியூட்டரில் ஏற்றி, மங்கிய படத்தையும் இரைச்சலில் முங்கிய பேச்சையும் தெளிய வைப்பது பிழைப்பு. பெட்ரோமக்ஸ் வெளிச்சத்தில் கண் கூசும் மாப்பிள்ளைகள், வாளியோடு ஓடும் மாமன்மார், கேமராவை முறைக்கும் மூக்கொழுகிப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள்தான் இன்று கொழும்பிலிருந்து கசெட்டுகளை அனுப்பிவைக்கிறார்கள். வேலை நடுவே படத்தை நிறுத்தி, "இவரு வாசிச்ச தப்பு மேளத்துக்கு மலையே ஆடும்ங்க" என்று யாரையாவது காட்டுவார். அவசரக்காரர்கள் அவரிடம் வரக்கூடாது.

இந்த வேலைக்குக் கம்பியூட்டர் மூச்சு முட்ட உழைக்கவேண்டும். திரை மூலையில் சூட்டைக் காட்டும் இலக்கம் எல்லை மீறினால் பொட்டென்று அணைந்துவிடும். அரைநாள் உழைப்பு காலி. அதற்காகக் கண்டிக்குப் போய் மேசை மின்விசிறி ஒன்று வாங்கிவந்தார். மடியில் அதை வைத்திருந்தவரைப் பார்த்து, "ஐயா, இது மலைக்கு மேல, குளிருக்குப் போற பஸ்ஸுங்க" என்றாராம் கண்டக்டர்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டில் அடுப்பு அணைந்த பிறகு சூடாக இருக்கும் ஒரே பொருள் அவர் குளிர வைக்கப் பாடுபடும் அந்தப் பெட்டிதான்.

போன மாதம் தனுஜா ஒரு கசெட்டோடு வந்தாள். வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போகிறவள். அவள் தவழும் வயதில் தாய் இறந்துவிட்டாள். சித்தி கலியாணக் கசெட்டில் மட்டும் ஓரிடத்தில் தாய் வருகிறாள், ஏதோ பேசுகிறாள். இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை. போகிற வீட்டில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். போவதற்குள் ஒருமுறை அந்தக் குரலைக் கேட்டுவிட வேண்டும் அவளுக்கு.

மூன்று தரம் தொடங்கினார். மூன்று தரமும் பாதியில் அணைந்தது. அவள் புறப்படும் நாள் காலை, விசிறி சுற்றிக்கொண்டிருக்க, ஜன்னல் திறந்திருக்க, இலக்கம் மறுபடி ஏறியது. பத்திநாதன் குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தபடி கம்பியூட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சூடான காற்று வெளியேறும் வாயில், மகள் நிலக்ஷியின் பள்ளிக்கூட சொக்ஸ் இரண்டு சோடி, சொகுசாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"பவுலின், இது என்ன கொடிக் கம்பியா?"

"ஒரு வாரமா வெயில் எங்கங்க? உங்க பெட்டிக்குச் சளி புடிக்காது. பிள்ளைக்குப் புடிக்கும்" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்தே.

பத்திநாதன் சொக்ஸை எடுத்துத் தன் சுவெட்டருக்குள் சொருகிக்கொண்டார். இலக்கம் இறங்கியது.

பஸ்ஸுக்கு நேரமாகி, பையோடு தனுஜா வந்து நின்றபோது கலியாணக் கசெட் முழுவதும் முடியவில்லை. தாய் வரும் பகுதி முடிந்திருந்தது. மிச்ச வேலையைக் கம்பியூட்டரில் ஓடவிட்டபடியே அதைப் போட்டுக் காட்டினார். வெற்றிலைத் தட்டோடு ஒரு பெண் திரும்பினாள். நெற்றி அப்படியே தனுஜாவுடையது. உதடு அசைந்தது. விசிறி இரைச்சலில் எதுவும் காதில் விழவில்லை. தனுஜா திரைக்கு அருகே தலையைக் கொண்டுபோனாள்.

பத்திநாதன் எழுந்து விசிறியை அணைத்தார். படத்தைப் பின்னுக்கு இழுத்தார்.

"என்னைய எடுக்காதீங்க தம்பி, பொண்ணப் போயி எடுங்க."

அந்தத் தம்பி தான்தான் என்று அவர் சொல்லவில்லை. மூலையில் இலக்கம் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல், தாய் பேசும் இடத்தை மறுபடி முதலிலிருந்து போட்டுக் காட்டினார்.