சூடு ஆறியதும் நின்ற கோடு

பல்லக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தத் தெருவின் தபால்காரரே உதட்டைப் பிதுக்குவார். பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால், ஒரு ஜன்னல், ஒரு குழாய், ஒரு நீள மேஜை, அவ்வளவுதான் அறை. அதற்குள் உட்கார்ந்து பாதி ஊருக்குப் பல்செட் செய்து கொடுத்தவள். அவள் கட்டிய பல்லின் பிடிமானமே தனி. ரிட்டயர்டு ஜட்ஜ் ஒருவர் புதுப் பல்லைக் கழற்ற மறந்து தூங்கிப்போய், கனவில் யார்மேலோ கோபம் வந்து, கட்டில் காலைக் கடித்துத் துப்பிவிட்டாராம். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கட்டில் இன்றைக்கும் நொண்டுகிறது.

அவள் தொழிலில் பாதி வேலை காத்திருப்பதுதான். பிளாஸ்டர் மாவைக் கரைத்து அச்சில் ஊற்றினால், இறுகும்போது அது தானாகவே சூடேறும். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதித்துவிட்டு மெல்ல ஆறும். அது ஆறுகிற நேரத்தில் மற்றவர்கள் டீ குடிக்கப் போவார்கள். பல்லக்கா இடது உள்ளங்கையை அந்தச் சூட்டின் மேல் வைத்துக்கொண்டு, வலது கையால் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கறுப்புப் பேனாவால் கோடு இழுப்பாள். பூவும் இருக்காது, முகமும் இருக்காது. ஒரே ஒரு கோடு சுருண்டு, விரிந்து, தன்னையே நாலு தடவை தாண்டிக்கொண்டு ஓடும். உள்ளங்கையில் சூடு ஆறியதும் பேனா நின்றுவிடும். தாளின் நட்டநடுவே நின்றாலும் சரி, அப்படியே விட்டுவிடுவாள்.

அது அவளுடைய பிரார்த்தனை. வாய் திறந்து கேட்க அவளுக்குக் கூச்சம். இந்த விஷயத்தை அவள் சொன்னது ஒரே ஒருத்தியிடம், தன் தங்கையிடம்.

"கோட்டை முடிச்சு வைக்க மாட்டேன்டி. முடிச்சுட்டா, சரி, பேசியாச்சுன்னு கடவுள் எழுந்து போயிடுவார். திறந்து கிடந்தா, இவ இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கான்னு உட்கார்ந்திருப்பார்."

தங்கை ஸ்கூலில் டிராயிங் டீச்சர். அம்மா போனபிறகு அவளுக்குத் தலை வாரிவிட்டதிலிருந்து டீச்சர் வேலைக்கு அனுப்பியது வரை எல்லாம் பல்லக்காதான். பிளாஸ்டர் தூசியில் தாள்கள் பாழாகின்றன என்று தங்கைதான் அவற்றை வாங்கிப்போய்த் தன் வீட்டு பீரோவின் மேல்தட்டில் அடுக்கி வைத்தாள்.

பிறகு தங்கைக்கே இருதயத்தில் ஆபரேஷன் என்று வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பல்லக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தன் அறைக்கு ஓடிவந்து, யாரும் கேட்காத ஓர் அச்சை ஊற்றினாள், அந்தச் சூட்டுக்காகவே. அன்றைய கோடு கொடி மாதிரி தாளில் ஏறி, மேல் விளிம்புக்கு ஒரு விரல் கீழே நின்றது. தங்கை பிழைத்து வந்தாள். பல்லக்கா அந்தத் தாளை அவள் கையில் கொடுத்து, நீ இருக்கிற வரைக்கும் இது திறந்தே இருக்கணும் என்றாள். தங்கை அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

இப்படி இருக்கையில்தான் அந்தத் தாள்களைக் கண்காட்சியாக வைக்கத் தங்கைக்கு ஆசை வந்தது. ஹால் பேசிவிட்டேன், ஆன்மிக ஓவியம் என்றால் கூட்டம் வரும், நீ சும்மா வந்து நின்றால் போதும் என்றாள். பல்லக்கா மாட்டேன் என்றாள். தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அந்த முகத்துக்கு எதிரே பல்லக்கா என்றைக்கு நின்றிருக்கிறாள்? புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு போனாள்.

ஹாலில் வெள்ளைச் சுவர், கண்ணாடிச் சட்டங்கள், குசுகுசுவென்று பேசும் மனிதர்கள். முதல் படத்தின் முன் நின்றதும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. தொடக்கம் தெரிந்தது. முடிவுதான் தெரியவில்லை. அவள் நடுவில் விட்ட கோடு அழகாக வளைந்துபோய்த் தொடங்கிய இடத்திலேயே சேர்ந்திருந்தது. அடுத்த படத்திலும் அப்படியே. நமக்குத்தான் மறதியோ என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். அவள் கோட்டில் ஒரு நடுக்கம் உண்டு. கடைசிப் பகுதியில் அது இல்லை.

ஹால் சொந்தக்காரர் மைக்கைப் பிடித்து, இங்கே ஒவ்வொரு கோடும் வீடு திரும்புகிறது, அதுதான் இவற்றின் ஆன்மிகம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். வெட்கத்தில் சிவந்தது தங்கையின் முகம்.

பல்லக்கா அவளை ஓரமாக இழுத்தாள். "நீயா முடிச்ச?"

"பாதியில நின்னா பார்க்கிறவங்களுக்கு உறுத்தும்க்கா. பிள்ளைங்க அரைகுறையா விட்டதையெல்லாம் முடிச்சுக் கொடுத்துப் பழகின கை."

"எல்லாத்தையுமா?"

தங்கையின் கண் கடைசிச் சுவருக்குப் போய்த் திரும்பியது.

ஆபரேஷன் நாளின் தாள் அங்கே தொங்கியது. கொடியின் நுனி விளிம்பைத் தொட்டு வளைந்து இறங்கி, வேரில் போய் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது. சட்டத்தின் மூலையில் விற்றுவிட்டதற்கான சிவப்புப் பொட்டு.

"அது என்னன்னு தெரிஞ்ச ஆள் உலகத்துலயே நீ ஒருத்திதான்டி."

"நீ ஏதோ மனசமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனச்சேன்க்கா."

"அன்னிக்கு அழுதியே?"

"நீ அழுதே. அதான் நானும் அழுதேன்."

கோட்டை முடித்ததைக்கூட பல்லக்கா பொறுத்திருப்பாள். இத்தனை வருஷம் அந்த பீரோவில் தன் பிரார்த்தனைகள் காலண்டர் தாள்களாகத்தான் கிடந்தன என்பதை அவளால் தாங்க முடியவில்லை. சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கினாள். பையிலிருந்து மெழுகு செதுக்கும் கத்தியை எடுத்து, பின்பக்க ஆணிகளை நெம்பித் தாளை உருவினாள். விலைக்கு வாங்கியவர் ஆட்சேபிக்க வாயைத் திறந்தார். உள்ளே இருந்தது பல்லக்கா கட்டிய பல். அவள் ஒரு பார்வை பார்த்தாள், வாய் மூடிக்கொண்டது.

தரையில் உட்கார்ந்து, நடுங்காத அந்த மையை மட்டும் கத்தி முனையால் சுரண்டத் தொடங்கினாள். மேல் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வந்ததும் நிறுத்தினாள். மற்ற படங்களைத் திரும்பிப் பார்க்காமல், அந்த ஒன்றோடு வெளியேறினாள்.

இப்போதும் பல்லக்கா கோடு இழுக்கிறாள், ஆனால் தாளில் இல்லை. இறுகிவரும் பிளாஸ்டரின் மேலேயே பென்சிலால் இழுக்கிறாள். உள்ளிருக்கும் பல்லை வெளியே எடுக்க, அந்தக் கோட்டோடு சேர்த்து அச்சை உடைத்துத்தான் ஆக வேண்டும். பத்திரப்படுத்தச் சொல்லி யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு சாயங்காலம் தங்கை வந்து வாசலில் நின்றாள். குழாய்க்கு மேலே, ஆணியில், தூசி படிந்து அந்தத் தாள் தொங்கியது.

"அக்கா, அது இன்னும் திறந்துதானே இருக்கு?"

"இருக்கு. பார்த்துட்டேல்ல, கிளம்பு."

சொல்லிவிட்டுப் பல்லக்கா சுத்தியலை எடுத்து, ஆறிப்போன அச்சின் மேல் தட்டினாள்.