வெள்ளிக்கிழமைச் சாம்பல்

எங்கள் பேக்கரியில் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு சாம்பலை வெளியே கொட்டக் கூடாது. நெருப்பில் தண்ணீர் ஊற்றி அணைக்கவும் கூடாது. இலட்சுமி போய்விடுவாளாம். வியர்வையும் புகையுமாகக் கிடக்கும் அந்த அடுப்படியில் அவள் எதற்கு வந்து உட்காரப் போகிறாள் என்று நான் கேட்டதில்லை. மருமகள் கேட்கிற கேள்வியா அது?

கடை, அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில். நரிக்குடிப் பக்கமிருந்து லோடு லோடாக வரும் சீமைக்கருவேல விறகை அடுப்புக்குள்ளேயே எரிப்போம். சூடு ஏறியதும் கங்குகளையும் சாம்பலையும் நீளக் கம்பியால் இழுத்துவிட்டால், அந்தச் சூட்டில் பன்னும் ரொட்டியும் வெந்துவிடும். இழுத்த கங்குகளைப் பின்கட்டுக் குழியில் கொட்டித் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு எண்ணெய் டின்னில் அள்ளி, விறகும் மைதா சாக்கும் கிடக்கும் மூலையில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் கொட்டுவோம். கருவேலங் கங்கு லேசில் சாகாது. மேலே சாம்பல் பூத்திருக்கும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும்.

அது ஆடி மாதம். காற்று பேயாக அடித்தது. டின்னிலிருந்து பொறி பறந்து சாக்கின் மேல் விழுவதைப் பார்த்தேன். கையில் கிடைத்த வாளியைத் தூக்கி டின்னில் ஊற்றிவிட்டேன். புஸ்ஸென்ற சத்தம் கேட்டு மாமனார் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

“வெள்ளியும் அதுவுமா, வெளக்கு வச்ச பொறகு நெருப்புல தண்ணி ஊத்துறியேம்மா, இந்தக் குடும்பம் வெளங்குமா?”

என் கணவர் பக்கத்தில்தான் மாவு பிசைந்துகொண்டிருந்தார். பொறி பறந்ததை அவரும் பார்த்தார். “விடுங்கப்பா, இனிமே ஊத்த மாட்டா” என்றார். என் சார்பில் வாக்குக் கொடுக்க நல்ல ஆள்!

அடுத்த வெள்ளிக்கிழமையும் காற்று அடங்கவில்லை. “டின்ன வெளியவாச்சும் வைங்க” என்று அவரிடம் சொன்னேன். “ஒரு ராத்திரில என்ன ஆயிரப் போகுது? அப்பா சத்தம் போடுவாரு” என்றார். கடை சாத்துவதற்குள் சாக்கு பற்றிக்கொண்டது. வாளித் தண்ணீருக்கு அடங்குகிற தீயில்லை அது. சுவரில் தீயணைக்கிற சிகப்பு சிலிண்டர் தொங்கியது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அதில் காய்ந்து போயிருந்தது. பொட்டு வைக்கத் தெரிந்த எங்களுக்கு அதைத் திறக்கத் தெரியவில்லை. தீ விறகுக்குப் போகாமல் இருக்க, எரிகிற சாக்குகளை அவர் வெறுங்கையால் இழுத்து வெளியே போட்டார். கடை தப்பியது. அவருடைய விரல்கள் இன்றுவரை முழுதாக மடங்குவதில்லை.

மதுரை ஆஸ்பத்திரிக்கு சொந்தபந்தமெல்லாம் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்தது. தீ டின்னிலிருந்து வந்ததென்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. போன வாரம் நான் ஊற்றிய தண்ணீரிலிருந்து வந்ததாம். “போன வாரம் இவ ஊத்தி லச்சுமிய வெரட்டுனா, இந்த வாரம் சாமி கேட்டுருச்சு” என்று மாமனார் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். ஊர் பேசுவதை நான் பொருட்படுத்தவில்லை. கூடவே நின்று பார்த்த மனிதர் ஒரு வார்த்தை சொல்வார் என்று மட்டும் காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் பக்கத்தில் யாருமில்லை. இரண்டு கையிலும் கட்டு என்பதால் தயிர்சாதம் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். “பொறி பறந்தத நீங்களும் பாத்தீகள்ல. மாமாகிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” என்று கேட்டேன்.

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “நீ அன்னைக்கு ஊத்தாம இருந்திருக்கலாம்” என்றார்.

அடுத்த கவளம் என் கையில் இருந்தது. அவர் முகத்தில் அதை விட்டெறியத் தோன்றியது, பொய் சொல்வானேன். எறியவில்லை. “வாயத் தெறங்க” என்றேன். திறந்தார்.