தாயக்கட்டை போட்ட ஸ்வெட்டர்

எம் பீரோவுல, கல்யாணப் பட்டுக்கும் எங்க வீட்டுக்காரரு வேட்டிக்கும் நடுவுல ஒரு ஸ்வெட்டர் இருந்துச்சு. நல்லாப் பழுத்த மாம்பழக் கலரு. நெஞ்சுல சதுரமா ரெண்டு தாயக்கட்டைப் படம், வெள்ளையா, கறுப்புப் புள்ளி வச்சு. அதுக்குக் கீழ என்னமோ இங்கிலீஷ்ல எழுதியிருக்கும். எனக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது, இங்கிலீஷுக்கு எங்க போறது. நான் சொல்லச் சொல்ல எம் மகதான் எழுதுறா. தப்பு இருந்தா அவளது, பொய் இருந்தா என்னுது. தஞ்சாவூரு சீமையில ஸ்வெட்டர் எதுக்குன்னு கேப்பீங்க. மார்கழியில பத்து நாளு, தையில பத்து நாளு, விடியக்காலம் பால் வாங்கப் போறப்ப போட்டுக்கலாம். நான் போட்டதில்ல. ரெண்டு வருசமா மடிச்ச மடிப்பு கலையாம அப்படியே இருந்துச்சு. அத மடிச்சவ நான் இல்ல, எஞ் சம்பந்தி.

மொதல்ல அந்த ஊரச் சொல்லிடுறேன், அதச் சொல்லாம எனக்கு வாய் நிக்காது. வேகாஸ்னு பேரு. அமெரிக்காவுல இருக்குற எம் பையனுக்குப் பொண்ணு பொறந்து ஆறாவது மாசம், லீவு சேந்தாப்புல வருதுன்னு மூணு நாளைக்கு எங்கள காருல ஏத்திக்கிட்டுப் போனான். வழியெல்லாம் முள்ளுச்செடி கூட ஒழுங்கா மொளைக்காத காடு. எவன் இங்க வந்து குடியிருப்பான்னு நெனைக்கிறப்பவே குபீர்னு ஒரு ஊரு. தரைக்கும் வானத்துக்கும் கண்ணாடி. கட்டடத்துக்குள்ள நொழஞ்சா சூதாடுற மெஷினா வரிசை கட்டி நிக்குது. கோயில் மணி, சைக்கிள் மணி, கொழந்தைக் கிலுகிலுப்பை எல்லாத்தையும் ஒரு சாக்குல போட்டுக் குலுக்குன மாதிரி சத்தம். ஜன்னல் கெடையாது, கடியாரம் கெடையாது, பகலா இருட்டான்னு தெரியாது. மூக்குல கொழாய் சொருகிக்கிட்டு ஒரு கெழவி, என்னவிடப் பெரியவ, பட்டனை அமுக்கிக்கிட்டே இருக்கா. பேரப்புள்ளைங்க தேடாதான்னு கேட்டேன். எம் பையன் சிரிச்சான். வாசல்ல ஒரு பெரிய கொளம், பாட்டுக்கு ஏத்தாப்புல தண்ணி எந்திரிச்சு ஆடுது. இங்க நாம மேட்டூர் தொறந்தாச்சா, கல்லணைக்கு வந்துடுச்சா, வாய்க்காலுக்கு எப்ப வரும்னு வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறோம். அங்க பாலைவனத்துல தண்ணிய ஆட விட்டு வேடிக்கை பாக்குறான். எனக்குப் பொறாமையா இருந்துச்சு, ஆனா கண்ண எடுக்க முடியல. இப்பவும் நெனச்சா சிரிப்பு வரும், அத்தன சந்தோசம் எனக்கு அந்த ஊர்ல.

எங்க கூட எஞ் சம்பந்தியும் வந்திருந்தாங்க. மருமகளோட அம்மா. இப்ப "வந்திருந்தாங்க"ன்னு சொல்றேன், அப்ப சொன்னதில்ல. அவுங்க எங்க ஊருதான், வாய்க்காலுக்கு அந்தாண்ட தெரு. எங்க வயல்ல இருவத்தஞ்சு வருசம் நடவு நட்டவங்க, நடவாளுங்களுக்குத் தலையாளா நின்னவங்க. அவுங்க கொரல் கேட்டாத்தான் மத்தவ குனிவா. எம் பையனும் அவுங்க மகளும் தஞ்சாவூர்ல ஒண்ணாப் படிச்சு, ஒண்ணா வேலைக்குப் போயி, கட்டிக்கிட்டா இவளத்தான்னு இவன் ஒத்தக் கால்ல நின்னான். எங்க வீட்டுக்காரரு இருந்திருந்தா நடந்திருக்காது. ஒறவு சனம் யாருக்கும் சொல்லாம ரிஜிஸ்டர் ஆபீசுல நடந்துச்சு. வெளியூரு சனங்ககிட்ட பொண்ணு தஞ்சாவூருன்னு மட்டும் சொல்லி வச்சிருந்தேன். சம்பந்தியானப்புறமும் அவுங்க என்ன ஆச்சின்னுதான் கூப்பிடுவாங்க. நான் அவுங்கள ஒண்ணும் கூப்பிடுறதில்ல. "இந்தா"ன்னுவேன். அவ்வளவுதான். அவுங்களுக்கு என்னவிட ரெண்டு வயசு கூட.

ஓட்டல்ல எங்க ரெண்டு பேருக்கும் ஒரு ரூமு. ரெண்டு கட்டில், ஒவ்வொண்ணும் நாலு பேரு படுக்கலாம். சம்பந்தி போர்வைய எடுத்துத் தரையில விரிச்சாங்க. நான் கட்டில்ல ஒக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். மேல படுன்னு சொல்ல ஒரு வார்த்த வேணும், அது எனக்கு வரல. மருமக வந்து, "ஏம்மா கீழ படுக்குற?"ன்னா. "இடுப்புக்கு இதான்டி நல்லது"ன்னாங்க. அவுங்க இடுப்பு குனிஞ்சதெல்லாம் எங்க வயல்ல. நான் கண்ண மூடிக்கிட்டேன்.

ஆனா ஒண்ணு, அவுங்க இல்லாட்டி நான் அந்த ஊர்ல தொலஞ்சிருப்பேன். எங்க பாத்தாலும் ஒரே மாதிரி கம்பளம், ஒரே மாதிரி கதவு. அவுங்க முதியோர் படிப்புல எழுத்துக் கூட்டக் கத்துக்கிட்டவங்க, நம்பர் அத்துப்படி. கதவு கதவா நம்பர வாசிச்சு, "இங்க திரும்புங்க ஆச்சி, அது நம்ம வரிசை இல்ல"ன்னு கூட்டிக்கிட்டுப் போவாங்க. எம் பையன் மெஷின்ல போட ஆளுக்கொரு நோட்டக் குடுத்தான். என்னுத மெஷின் முழுங்கிட்டு ஏப்பம் விட்டுச்சு. அவுங்க கையாலயே தொடல. "எங்க வீட்டாளு சீட்டாடி அழிச்சதுக்கே நான் இன்னும் சிரிச்சு முடிக்கல மாப்ள, இத நீங்களே வச்சுக்குங்க"ன்னாங்க. எம் பையன் அத்தை அத்தைன்னு அவுங்க பேச்சுக்கே சிரிச்சுக்கிட்டுக் கெடப்பான். எனக்கு அது ஒரு எரிச்சல்.

கட்டடத்துக்குள்ள குளுருதுன்னு மருமகதான் அந்த ஸ்வெட்டர் வாங்குனா. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கலரு, ஒரே தாயக்கட்டை. சேலைக்கு மேல போட்டுக்கிட்டு நின்னோம். கடைக்காரி எங்களப் பாத்து என்னமோ கேட்டா. "அக்கா தங்கச்சியான்னு கேக்குறாம்மா"ன்னு எம் பையன் சொன்னான். "ஆமான்னு சொல்லுங்க மாப்ள, நான்தான் அக்கான்னு சொல்லுங்க"ன்னாங்க அவுங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நான் மட்டும் ஸ்வெட்டர்ல தொங்குன வெல அட்டையப் பிச்சுக்கிட்டு நின்னேன்.

ரெண்டாம் நாளு இன்னொரு கட்டடத்துக்குப் போனோம். அதுக்குள்ள வாய்க்கால் ஓடுது. நெசமான தண்ணி, நெசமான படகு, மேல சாயம் பூசுன வானம். சின்னச் சின்னப் பாலம். படகோட்டி நின்னுக்கிட்டுப் பாடுறான். சின்னஞ்சிறுசுக ரெண்டும் எதோ வாங்கணும்னு போக, கொழந்தை எங்ககிட்ட. எல்லாரும் படகப் பாக்குறாங்க, நாங்க ரெண்டு பேரும் தண்ணி எங்கேருந்து வருதுன்னு தேடுறோம். மதகு எங்க, வடிகால் எங்கன்னு கரையோட நடந்தோம். அவுங்க குனிஞ்சு கைய விட்டு மோந்து பாத்துட்டு, "மருந்து நெடி அடிக்குது ஆச்சி, இதுல நாத்து நட்டா வேரு வெந்து போவும்"ன்னாங்க. "ஒரே தண்ணியத்தான் சுத்திச் சுத்தி விடுறான் போல, நம்ம கடைமடை மாதிரி இவனுக்கும் மேலேருந்து வந்து சேரல"ன்னேன். அப்படிச் சிரிச்சோம். அறுவது வருசமா ஒரே ஊர்ல இருந்து அவுங்க கூட அப்படிச் சிரிச்சது அதான் மொதத் தடவ. நான் நல்லா நெனவு வச்சிருக்கேன், ஏன்னா அது முடிஞ்ச கையோடதான் நான் பாலத்துக்கு அந்தப் பக்கம் பாத்தேன்.

எங்க நாத்தனா வழியில ஒறவு, திருப்பனந்தாள்காரி. அமெரிக்காவுல இருக்குற மக வீட்டுக்கு வந்தவ அங்க நிக்கிறா. அவ வாயில ஒரு சேதி விழுந்தா கும்மோணத்துலேருந்து மாயவரம் வரைக்கும் பொழுது விடியிறதுக்குள்ள போயிடும். அவ என்னப் பாத்துட்டா, கையத் தூக்குனா. பாலத்துல ஏறி எறங்கி வரணும் அவ, கூட்டம் வேற. அதுக்குள்ள நான் என்ன செஞ்சேன் தெரியுமா. அந்த ஸ்வெட்டரக் கழட்டுனேன். தலைவழியாக் கழட்டுறது, கொண்டை மாட்டிக்கிச்சு, வளையல் மாட்டிக்கிச்சு, விடாம இழுத்துக் கழட்டிச் சுருட்டிப் பையில திணிச்சேன். சம்பந்தி கொழந்தையத் தோள்ல போட்டுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க. "குளுரலையா ஆச்சி?"ன்னாங்க.

திருப்பனந்தாள்காரி வந்து கையப் புடிச்சு, ஊருக் கதை எல்லாம் பேசிட்டு, "கூட யாரு?"ன்னு கேட்டா. சம்பந்தி ஒரு எட்டு தூரத்துலதான் நிக்கிறாங்க. "கொழந்தையப் பாத்துக்க ஊர்லேருந்து கூட்டியாந்திருக்கோம்"னேன். யோசிச்செல்லாம் சொல்லல. ரொம்ப நாளா நாக்குலயே தயாரா இருந்த மாதிரி வழுக்கிக்கிட்டு வந்துச்சு.

சம்பந்தி மொகம் மாறல. பக்கத்துல வந்து, எந் தோள்ல தொங்குன பைய மெதுவாக் கழட்டி அவுங்க தோள்ல மாட்டிக்கிட்டாங்க. அப்புறம் ரெண்டு எட்டு பின்னால போயி நின்னுக்கிட்டாங்க. வேலையாளு நிக்கிற எடத்துல. அது எவ்வளவு தூரம்னு அவுங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திருப்பனந்தாள்காரி, "நல்ல ஆளாக் கெடச்சிருக்கு ஒனக்கு. எம் மகளுக்கும் இப்படி ஒண்ணு பாத்துச் சொல்லேன்"ன்னா. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, "சொல்லி அனுப்புறேன் ஆச்சி"ன்னாங்க எஞ் சம்பந்தி. அவ்வளவு பணிவா.

அந்தப் பையோட, கொழந்தையோட, ரூமு வரைக்கும் எனக்குப் பின்னாலேயே வந்தாங்க. வழி எனக்குத் தெரியாது. தப்பான பக்கம் திரும்புறப்ப மட்டும் பின்னாலேருந்து, "இப்படி ஆச்சி"ன்னு கொரல் வரும். ரூமுக்குள்ள வந்து, சுருட்டுன ஸ்வெட்டர எடுத்து ஒதறி, கைய உள்ள மடக்கி, தாயக்கட்டை மேல தெரியிற மாதிரி மடிச்சு, எங் கட்டில்ல வச்சாங்க. அவுங்களோடதையும் கழட்டுனாங்க. மறுநாளு போட்டோ எடுக்கணும், ரெண்டு பேரும் போட்டுக்குங்கன்னு மருமக வந்து நிக்கிறா. "எனக்கு வேர்க்குதுடி"ன்னுட்டாங்க, முந்தானையத் தோளச் சுத்திப் போத்திக்கிட்டு. மகக்கிட்டயும் சொல்லல, மாப்பிள்ளைக்கிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா அவன் எங்கிட்டப் பேச்ச நிறுத்தியிருப்பான். அது அவுங்களுக்கும் தெரியும்.

ஊருக்கு வந்து ரெண்டு வருசமாச்சு. அவுங்க எங்க வீட்டுப் பக்கம் வரல. இந்தத் தையில பேத்திக்குக் காதுகுத்து, திருவிடைமருதூர்ல மண்டபம் பாத்தாச்சு, புள்ளைங்க வர்றாங்க. தாய்மாமன் மடியில ஒக்கார வச்சுத்தான் காது குத்தணும். அதுக்கு நாங்க தட்டு எடுத்துக்கிட்டுப் பொண்ணு வீட்டுக்குப் போயி அழைக்கணும், அதான் மொற. எம் பையன் போன்ல, "அம்மா, நீதான் நேர்ல போயி வைக்கணும்"னுட்டான். அமெரிக்கா வரைக்கும் போயிட்டு வந்தவ, வாய்க்கால் தாண்டி அந்தத் தெருவுக்கு அதுவரைக்கும் போனதில்ல.

போன வெள்ளிக்கிழம விடியக்காலம், பனி கொட்டுது, பீரோவத் தொறந்து அந்த மடிப்பப் பிரிச்சேன். போட்டுக்கிட்டு, தட்டுல வெத்தல பாக்கு பழம் பூ பத்திரிக எல்லாம் வச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். அறுப்பு முடிஞ்ச வயலு வழியா அந்த மெஷின் ஊரு கலர்ல ஒரு கெழவி தட்டோட போறா, பாத்தவங்க என்ன நெனச்சாங்களோ. சம்பந்தி வாசல் தெளிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஏற எறங்கப் பாத்துட்டு, "அங்க கழட்டுனத இங்க போட்டுக்கிட்டு வர்றீங்களா ஆச்சி. வெயில் வந்தா வேர்க்குமே"ன்னாங்க. உள்ள கூட்டிக்கிட்டுப் போயி நாற்காலி போட்டு டீ குடுத்தாங்க. குடிச்சேன். அதச் சொல்றதுக்கே வெக்கமா இருக்கு, டீ குடிச்சத ஒரு பெருமையாச் சொல்ற மாதிரி.

"அன்னைக்கு நான் சொன்னது..."ன்னு ஆரம்பிச்சேன்.

"கொழந்தையப் பாத்துக்கத்தான வந்தேன், பொய்யா சொன்னீங்க. அத விடுங்க. காதுகுத்துல என்ன யாருன்னு சொல்லுவீங்க, அத இப்பவே சொல்லிடுங்க."

"சம்பந்தின்னு சொல்லுவேன்."

"யாருகிட்ட?"

"எல்லாருகிட்டயும்."

"அந்தத் திருப்பனந்தாள் ஆச்சிக்குப் பத்திரிக வச்சாச்சா?"

வைக்கல. அவ வந்தா இவுங்களப் பாத்துடுவான்னு, வேணும்னே அவ பேர விட்டுட்டேன். எம் பையனுக்குத் தெரியாது, எம் மகளுக்கு இப்ப எழுதறப்பதான் தெரியுது. அவுங்க எப்படிக் கண்டுபுடிச்சாங்களோ. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அவுங்க தட்ட எடுத்து, பூவ ஒழுங்கு பண்ணி, திரும்ப எங் கையில வச்சாங்க. "மொதல்ல அங்க வச்சிட்டு வாங்க. நாங்க யாருன்னு அவுங்களுக்கு உங்க வாயால சொல்லிட்டு வாங்க. அப்புறம் நான் வாங்கிக்கிறேன். எம் பேத்திதான் அது, நான் எங்கயும் ஓடிடல."

தட்டோட திரும்பி வந்தேன். அவுங்க கொல்லையில கத்திரி போட்டிருக்காங்க, மயிலு தொல்லைன்னு பொம்மை நட்டு வச்சிருக்காங்க. வர்றப்ப பனியில தெரியல, வெயில் வந்தப்புறம்தான் பாத்தேன். அந்தப் பொம்மைக்கு அவுங்களோட ஸ்வெட்டர் மாட்டியிருக்கு. மாம்பழக் கலரு வெளுத்து எலுமிச்சம்பழமாப் போச்சு, தாயக்கட்டையில ஒண்ணு பாதி உரிஞ்சு போச்சு. நான் வரப்புல இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம். ரெண்டு பேரும் ஒரே மாதிரி போட்டுக்கிட்டு நிக்கிறோம். ரெண்டு மழைக்காலம், ரெண்டு கோடை அது கழட்டாம நின்னிருக்கு. எனக்குப் பயங்கரமா வேர்த்துச்சு. கழட்டலாம்னு கை போச்சு, கழட்டல. வீடு வரைக்கும் போட்டுக்கிட்டே வந்தேன்.

இப்ப அது பீரோவுல இல்ல. கூடத்து நாற்காலியில கெடக்குது, தட்டு மேசையில இருக்கு. நாளைக்குக் காலையில திருப்பனந்தாள் பஸ்ஸு. போட்டுக்கிட்டுத்தான் போறேன். இது என்ன ஸ்வெட்டர்னு அவ கண்டிப்பாக் கேப்பா.