சௌந்தரம் அக்கா கழற்றிய கடிவாளம்

திருச்சுழியிலிருந்து பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். "மிஸ், நம்ம சௌந்தரம் மேடம் போயிட்டாக. காலையில காப்பி குடிச்சிட்டு உக்காந்திருந்தவுகதான்." வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வரலாறு நடத்தப் போனேன். நான் அப்படித்தான்.

எங்கள் கல்லூரியின் பழைய மாணவர்களே, உங்களில் பலர் அவரிடம் விலங்கியல் படித்தவர்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரே குதிரைவண்டி ஓட்டியதைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருப்பீர்கள். ஆசிரியர் அறையில் நாங்களும் சிரித்தோம்.

கணவரை இழந்தவர். அவர் ஊருக்குள் பஸ் வராது. பிரதான சாலை வரை வண்டியில் வந்து, உறவினர் வீட்டில் குதிரையைக் கட்டிவிட்டுக் கல்லூரிக்குப் பஸ் ஏறுவார். குதிரை நரிக்குடியில் வாங்கியது. சாலை முக்கில் இடப்பக்கம் இழுத்தால், அது வலப்பக்கம் பழைய ஊரான நரிக்குடிக்குப் போகும். "என்ன மேடம், இன்னைக்கும் மாமியார் வீட்டுக்கா?" என்பார் முக்கு டீக்கடைக்காரர். பஸ் தவறிக்கொண்டே இருந்தது. முதல்வர் எச்சரித்தார். கணவரின் அண்ணன், "வேலைய விட்ரும்மா. நம்ம வீட்டுல சோத்துக்கா பஞ்சம்?" என்று முடிவே சொல்லிவிட்டார்.

அருப்புக்கோட்டை வண்டிக்காரர்கள் சொன்னபடி அக்கா முள் கடிவாளம் வாங்கினார். வாய்க்குள் நிற்கும் இரும்பில் சிறு முட்கள் வைத்தது. குதிரை மறுநாளே இடப்பக்கம் திரும்பியது.

அந்தப் பொங்கலுக்கு அவர் ஊருக்குப் போயிருந்தேன். விடுமுறை முடிந்து இருவரும் கல்லூரிக்குக் கிளம்பி வந்தபோது முக்கில், "பாத்தியா, விரலை அசைச்சாப் போதும்" என்றார், பெருமையாக. "மேடம், குதிரை பாஸாயிருச்சு!" என்றார் டீக்கடைக்காரர். குதிரை அவர் கடைத் தொட்டியில் வாய் வைத்தது. தண்ணீர் சிவந்தது.

அக்கா இறங்கி அதன் வாயைத் திறந்தார். நாக்கின் ஓரம் கிழிந்திருந்தது. பஸ் வந்துவிட்டது. "மருந்து போட்டுக்கலாம் அக்கா, ஏறுங்க. வேலை முக்கியம்" என்றேன். "நீ போ" என்றார். கடிவாளத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கடை வாசலில் அத்தனை பேர் முன்னால் அழுதார். நான் பஸ்ஸில் அவர் முகம் தெரியாத பக்கமாக உட்கார்ந்தேன்.

மறுநாள் வகுப்பில் அவரே சொன்னார்: "நாக்குல எவ்வளவு நரம்பு ஓடுதுன்னு உங்களுக்கு நடத்துனவ நான். என் குதிரை வாயைத் தொறந்து பாக்கலை." பிள்ளைகள் வீட்டில் சொல்ல, அது ஊருக்கே தெரிந்தது. இது எதற்கு என்று எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

அன்றோடு, குதிரையின் புண் ஆறும்வரை விடுப்பு எடுத்தார். பிறகு நூல்கயிற்றால் குதிரை வாயின் அகலத்தை அளந்துகொண்டு மதுரையில் கடை கடையாக அலைந்தார். வாங்கியது வழவழப்பான இரும்பு. நடுவில் மூட்டு, இரு பக்கமும் பெரிய வளையம். "ஒத்தைக் கம்பின்னா எந்தப் பக்கம் இழுத்தாலும் வாய் முழுக்க இழுபடும். இதுல அந்தப் பக்கத்துக்கு மட்டும் சொல்லலாம். வளையம் மறு கன்னத்தைத் தொட்டு, திரும்புன்னு சொல்லும்" என்றார்.

ஆனால் குதிரைக்கு அது புரிய மாதங்கள் ஆயின. தாமதமான நாளுக்கெல்லாம் அரைநாள் விடுப்புப் போட்டார். துறைத் தலைவர் பதவி இளையவருக்குப் போனது. கணவரின் அண்ணனிடம், "வேலையையும் விட மாட்டேன், அந்த இரும்பையும் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். ஓய்வுபெறும்வரை வேலை பார்த்தார்.

அந்த வருட மழைக்காலத்தில் குதிரை சொன்ன பக்கம் திரும்பத் தொடங்கியது. முக்கில் ஒரு கணம் நின்று, பிறகு இடப்பக்கம். "மேடம், குதிரை யோசிக்குது!" என்றார் டீக்கடைக்காரர்.

"யோசிக்கட்டும். நான் யோசிக்காம முள்ளைப் போட்டவ."

அவருடைய வெட்கத்தில் பாதிதான் எனக்குக் கிடைத்திருக்கிறது. எனக்கு வெட்கம் வரும். அதை வாய்விட்டுச் சொல்ல வராது. வகுப்பில் தவறாகச் சொன்னதை மறுநாள் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டு போகிறவள் நான். போன வாரம், "நேத்து நான் சொன்னது தப்பு" என்று சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகள் அதை எழுதிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்கள்.