அப்பா வெட்டித் தந்த தீவு

எங்கள் வீட்டுச் சுவரில் அப்பாவின் படம் இல்லை. கல்லறைத் திருநாளன்று மற்ற வீடுகளில் இறந்தவர்களின் படங்களைத் துடைத்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றுவார்கள். எங்கள் வீட்டில் வெறும் மெழுகுதிரிதான் எரியும். இருந்த படங்கள் எல்லாம் ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் இருந்தன. சுனாமி வந்த அன்று பெட்டியும் போயிற்று, அது இருந்த அலுமாரியும் போயிற்று, அலுமாரி நின்ற அறையும் போயிற்று. உயிர் தப்பியதே பெரிய காரியம் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அம்மாவும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். ஆனால் வயது போகப் போக அவருக்கு வேறு ஆசை எதுவும் மிஞ்சவில்லை. கண் மூடுவதற்கு முன் மனுசனை ஒருதரம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"கனவில கூட முகம் வருகுதில்ல மகள்," என்பார். "ஆள் வாறார். ஆனா முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறார்."

நான் தேடாத இடமில்லை. அப்பா துறைமுகத்தில் சீமெந்து மூட்டை இறக்கியவர். சொந்தக்காரரின் கலியாண வீடுகளில் படம் எடுக்கிற நேரம் அவர் வேலையில் நிற்பார், இல்லாவிட்டால் குசினிப் பக்கம் சோற்றுக் கிடாரம் தூக்கிக்கொண்டிருப்பார். எத்தனையோ வீடுகளில் அல்பங்களைப் புரட்டி, கடைசியில் ஒன்றில் அவருடைய முதுகு கிடைத்தது. கொண்டுபோய்க் காட்டினேன். "முதுகைத்தான் நான் கனவிலயே பாக்கிறன்," என்று திருப்பித் தந்துவிட்டார்.

பிறகு டவுனில் படம் வரைகிற ஒருவரிடம் அம்மாவைக் கூட்டிப்போனேன். மூக்கு இப்படி, மீசை இப்படி, நெற்றி மேடு என்று அம்மா பொறுமையாகச் சொன்னார். இடது தோள் பதிந்திருக்கும் என்றும் சொன்னார். கலியாணம் முடித்த புதிதில் மூட்டையோடு பலகையில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்ததாம், சரியாகப் பொருந்தவில்லையாம். வரைந்தவர் தோளைக் கணக்கில் எடுக்கவில்லை. முகம்தானே படம் என்று நினைத்திருப்பார். வந்த படத்தை அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது ஆரோ வாத்தியார்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

நானும் வாத்தியார்தான். புவியியல் படிப்பிக்கிறேன். அப்பாவிடமிருந்து எனக்கு மிஞ்சிய ஒரே பொருளும் ஒரு வரைபடம். பாடசாலை அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தபடியால் அது தப்பியது.

இந்த நாட்டில் படித்த எவருக்கும் பரீட்சையில் வருகிற தேசப்படக் கேள்வி மறக்காது. இலங்கையை வரைந்து ஆறு குறி, குளம் குறி, துறைமுகம் குறி. எனக்கு ஆறும் குளமும் தண்ணீர்பட்ட பாடு. நாட்டை வரையத்தான் வராது. நான் வரைந்தால் பலாக்கொட்டை மாதிரி வரும். என் தம்பி வரைந்தால் அந்தப் பலாக்கொட்டையை யாரோ மிதித்த மாதிரி வரும். அந்த நாட்களில் கடையில் பிளாஸ்டிக் அச்சு கிடையாது. ஆஸ்பத்திரியோடு தொடுசல் உள்ள வீட்டுப் பிள்ளைகள் பழைய எக்ஸ்ரே படம் ஒன்றைத் தேடி எடுத்து, கறுப்பைக் கழுவி, தீவின் வடிவத்தில் வெட்டிக்கொண்டு வருவார்கள். தாளில் வைத்து ஓரத்தால் பென்சிலை ஓட்டினால் நாடு வந்துவிடும். வகுப்பில் அதை இரவல் வாங்க வரிசை நிற்கும்.

எங்கள் வீட்டிலும் எக்ஸ்ரே படம் இருந்தது. அப்பா இருமத் தொடங்கி அப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் புதிய படம் எடுத்த பிறகு, பழையது அலுமாரிக்குப் பின்னால் ஒரு பெரிய கடித உறைக்குள் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, அப்பா அதை உருவி எடுத்து மேசையில் விரித்தார். என் தேசப்படப் புத்தகத்தின் மேல் எண்ணெய்த் தாளை வைத்து நாட்டைக் கீறினார். அந்தத் தாளைச் சோற்றுப் பசையால் எக்ஸ்ரே படத்தின் நடுவில் ஒட்டினார். சவரம் எடுக்கிற பிளேட்டை எடுத்தார்.

அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தார். "என்ன வேலை பாக்கிறீங்கள்? ஆராவது தன்ர நெஞ்சைத் தானே வெட்டுவினமோ?"

"இது நெஞ்சு இல்ல, நெஞ்சின்ர படம். டொக்டரிட்டப் புதுசு கிடக்கு."

"வெட்டாதேங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு."

"பிள்ளையள் வரைபடம் கீறத்தானே," என்று அப்பா சொல்லிவிட்டு வெட்டினார். அம்மா அழுதுகொண்டே உள்ளே போனார். கறுப்பையாவது கழுவி விடுங்கள் என்று அங்கிருந்து கத்தினார். அப்பா அதற்கும் இணங்கவில்லை. கறுப்பாக இருந்தால் வெள்ளைத் தாளில் நன்றாகத் தெரியும் என்றார். உண்மையான காரணம் அதுதானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கழுவுவதற்குக் கையில் பலம் இல்லாமலும் இருந்திருக்கலாம்.

நடுவிலிருந்து தீவு தனியாக வந்தது. சுற்றியிருந்தது ஓட்டை விழுந்த தாளாக மிஞ்சியது. அந்த ஓட்டைக்குள் பென்சிலை ஓட்டினாலும் நாடு வரும் அல்லவா? அப்பா தீவை எனக்குத் தந்தார், மிச்சத்தைத் தம்பிக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து வீட்டில் என்னுடையதற்குத் தீவு என்றும் தம்பியுடையதற்குக் கடல் என்றும் பெயர்.

என் தீவில் எங்கள் ஊர் இருக்கும் இடத்தில் ஊசியால் ஒரு துளை போட்டார். "துளை வலக்கைப் பக்கம் வரோணும். அப்பதான் நாடு நேரா நிக்கும்," என்றார். தம்பியின் கடலில் குறி வைக்க மறந்துவிட்டார். தம்பி பரீட்சையில் அதை மறுபக்கமாக வைத்து வரைந்துவிட்டான். நாடு கண்ணாடியில் பார்த்தது போல விழுந்தது. திருகோணமலைத் துறைமுகம் புத்தளம் பக்கம் போய் இந்தியாவைப் பார்த்துக்கொண்டு நின்றது. மன்னார் கிழக்கே முல்லைத்தீவுப் பக்கம் வந்து நின்றது. ஆசிரியர் தாள் முழுவதும் சிவப்பு மையால் கோடு இழுத்துக் கொடுத்திருந்தார். அப்பா அதைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் நிற்காமல், அவரைக் கதிரையில் இருத்தி முதுகைத் தடவவேண்டி வந்தது. மூச்சு வந்ததும் அந்த ஊசியை எடுத்துக் கடலின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கப்பல் கீறினார். "கப்பல் நிக்கிற பக்கம் நாங்கள்," என்று தம்பியிடம் சொன்னார்.

அடுத்த மாரிக்கு அப்பா இருக்கவில்லை.

அம்மா அந்தத் துண்டுகளைத் தொட்டதே இல்லை. மேசையில் கிடந்தால் மேசையைத் துடைக்கமாட்டார். படத்தை வெட்டியதால்தான் மனுசன் போனார் என்று அவர் வெளியே சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் நினைத்தார். எனக்குத் தெரியும்.

ஆனால் அதை வைத்து நான் வரைந்த நாட்டின் மேல் அவருக்குக் கோபமில்லை. சண்டைக் காலத்தில் சொந்தங்கள் நாலு திக்கிலும் சிதறியபோது, "ஒருக்காக் கீறு மகள், ஆர் எங்க எண்டு பாப்பம்," என்று அம்மாவே கேட்பார். வரைந்து கொடுப்பேன். மன்னாரில் சின்னம்மா, வவுனியாவில் மாமா என்று விரல் வைப்பார். இராமேஸ்வரத்துக்குப் போனவர்களுக்குத் தாளுக்கு வெளியே மேசையில் விரல் வைப்பார். தம்பி கனடாவுக்குப் போனபோது அது எங்கே என்று கேட்டார். நான் வாசலைக் காட்டினேன். அதற்கும் அப்பால் என்றேன். அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வரைபடத்தின் மேல் பைத்தியம் பிடித்தது அந்த நாட்களில்தான். இப்போது என் மாணவர்களின் கையில் போன் இருக்கிறது. அதில் எங்கே நின்றாலும் நீங்கள்தான் நடு, உலகம் உங்களைச் சுற்றித் திரும்பும். தாளில் அப்படி இல்லை. உங்களை நீங்களேதான் தேடிப் பிடிக்க வேண்டும். எந்தப் பிள்ளையிடம் வரைபடத்தை விரித்தாலும் முதலில் தன் வீட்டைத்தான் தேடும். தலைநகரத்தையோ மலையையோ தேடுகிற பிள்ளையை நான் இதுவரை கண்டதில்லை. பெரியவர்களும் அப்படித்தான். எங்கள் ஆட்கள் எங்கே என்று பார்க்கத்தான் எல்லோரும் வரைபடம் பார்க்கிறோம்.

அந்த "வாத்தியார்" படம் வந்து சில நாட்களுக்குப் பிறகு, வகுப்பு முடிந்து தீவில் ஒட்டியிருந்த சோக்குத் தூளைத் துடைக்க யன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். எத்தனையோ தரம் அப்படிப் பிடித்திருக்கிறேன். விலா எலும்புகள் வரிவரியாகத் தெரியும், நடுவில் முதுகெலும்பு, கிழக்குப் பக்கம் சாய்ந்தாற்போல் இதயத்தின் நிழல். அன்றுதான் எனக்கு உறைத்தது. நான் தேடாத அல்பம் இல்லை, ஆனால் அவரைக் கையில் வைத்துக்கொண்டே தேடியிருக்கிறேன். முகம் இல்லை. ஆனால் அவர்தான். ஒளி ஒருமுறை அவரைத் தொட்டுப் பதித்த படம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தம்பிக்குப் போன் எடுத்து, "கடல் இருக்கா?" என்று கேட்டேன்.

"எந்தக் கடல் அக்கா?"

சொன்னேன். தேடிப் பார்க்கிறேன் என்றான். அடுத்த நாள் அவனே எடுத்தான். படித்த சான்றிதழ்கள் மடியாமல் இருக்க, அவை போட்டிருந்த கோவையின் கடைசியில் மட்டைக்குப் பதிலாக அதைத்தான் செருகியிருந்தானாம். நாடு நாடாக அலைந்தபோதெல்லாம் கூடவே இருந்திருக்கிறது. "அம்மா அதைப் பார்ப்பாவோ?" என்று கேட்டான். எனக்கும் அந்தப் பயம்தான். வெட்டிய நெஞ்சைக் காட்டப்போய், இருக்கிற கொஞ்ச நிம்மதியையும் கெடுத்துவிடுவோமோ என்று இருந்தது.

போன கல்லறைத் திருநாளுக்குத் தம்பி வந்தான். காலையில் சேமக்காலைக்குப் போய் அப்பாவின் கல்லறையில் திரி ஏற்றிவிட்டு வந்தோம். அம்மா களைத்துப்போய்க் கதிரையில் இருந்து செபமாலை உருட்டினார். தம்பி கோவையைத் திறந்தான். நான் தீவை எடுத்தேன். இரண்டையும் கிழக்கு யன்னல் கண்ணாடியில் வைத்துப் பொருத்தினோம். வடக்கே நுனி உடைந்திருந்தது, தெற்கே கொஞ்சம் இடைவெளி. கிழக்குக் கரை மட்டும் அப்படியே பொருந்தியது. நாங்கள் கையை எடுக்காமல் நின்றோம்.

"என்ன செய்யுறீங்கள் ரெண்டு பேரும்?" என்று கேட்டுக்கொண்டு அம்மா எழுந்து வந்தார். வந்தவர் நின்றுவிட்டார். அது என்ன என்று உடனே புரிந்துவிட்டது. முகம் கறுத்தது. திரும்பிப் போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

போகவில்லை. கிட்டே வந்தார்.

என் தீவில் முல்லைத்தீவுக் கரைக்குச் சற்று உள்ளே ஒரு எலும்பு தொடங்கி, வெட்டிய ஓரத்தில் முடிந்துவிடும். இவ்வளவு காலமும் அதையும் ஒரு விலா எலும்பு என்றே நினைத்திருந்தேன். இப்போது அது கரையைத் தாண்டிக் கடலுக்குள் போயிற்று. போகிற வழியில் முடிச்சு மாதிரித் தடித்து, கோணலாக இறங்கி, அப்பா கீறிய கப்பலுக்கு மேலே தோளில் போய்ச் சேர்ந்தது. அம்மா விரலை எடுத்து அந்த முடிச்சின் மேல் வைத்தார். பிறகு எலும்பு போகிற வழியே மெல்லத் தடவினார். எண்ணெய் பூசுகிற மாதிரி, உள்ளங்கையால்.

"இவர்தான்," என்றார். "மாரி வந்தா இந்த இடம்தான் நோகும். விடியவிடிய ஒத்தணம் குடுத்திருக்கிறன்."

தம்பி கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். அம்மா அழவில்லை. கையை எடுக்காமலேயே கேட்டார்.

"இதை வெட்டேக்க நான் ஏசினனான், என்ன?"

"ஓம் அம்மா."

"முழுசா இருந்திருந்தா அந்த அலுமாரிக்குள்ளதான் வச்சிருப்பன். அதோட போயிருக்கும்."

அம்மா இரண்டு துண்டையும் சேர்த்து ஒட்டச் சொன்னார். ஒட்டினால் அதை வைத்து இனி வரைய ஏலாது என்று நான் சொல்லவில்லை. ஒட்டினோம். சுவரில் மாட்டினால் கறுப்பாகத்தான் தெரியும், வெளிச்சம் பின்னால் இருக்க வேண்டும் என்பதால் அந்த யன்னலிலேயே விட்டோம். மெழுகுதிரியை அம்மா தானே கொண்டுவந்து கீழே வைத்தார்.

இப்போது வகுப்பில் நான் நாட்டைக் கையால்தான் வரைகிறேன். பலாக்கொட்டை மாதிரித்தான் வருகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வீட்டில் அம்மா ஒவ்வொரு நாளும் விடிந்ததும் கதிரையை அந்த யன்னலுக்கு நேரே இழுத்துப் போடச் சொல்கிறார். வெயில் ஏறி எலும்புகள் தெரியும்வரை காத்திருந்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கிறார்.