கத்திரிப்பூ நிறத்தில் ஒரு கேன் பெட்ரோல்

1. பிளக் சொன்னது ஒன்று, புகை சொன்னது ஒன்று

ரேஸ் வண்டியின் பிளக்கைப் படிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முழு த்ராட்டிலில் போய்க்கொண்டிருக்கும்போதே கிளட்சைப் பிடித்து இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். பிறகு உருட்டிக்கொண்டுதான் வர வேண்டும். அப்போதுதான் பிளக் உண்மை பேசும். ஐட்லிங்கில் படபடவென்று ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால் கரி பூசிக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும். இதை நான் வினோத்திடம் நூறு தடவை திட்டித் திட்டிச் சொல்லியிருந்ததால், அன்று காலைப் பயிற்சி ரவுண்டு முடிந்ததும் ஒழுங்காக உருட்டிக்கொண்டு வந்தான்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருக்கும் பீங்கான் காய்ந்த தேங்காய் ஓட்டின் நிறத்தில் இருக்க வேண்டும். இது சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அங்கங்கே வெள்ளிப் பொட்டு. அந்தப் பொட்டெல்லாம் பிஸ்டனின் அலுமினியம். உள்ளே சூடு தாங்காமல் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். காற்றுக்கு வேண்டிய பெட்ரோல் போகவில்லை, லீனாக ஓடுகிறது.

ஆனால் சைலன்சரில் வந்த புகையைப் பார்த்தால் கதை வேறு. கொசு மருந்து வண்டி போன மாதிரி நீலப் புகை. பிளக்கின் மரையிலும் எண்ணெய் கசகசவென்று ஒட்டியிருந்தது. அப்படிப் புகை தள்ளினால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, ரிச்சாக ஓடுகிறது என்றுதான் எவனும் சொல்வான். வினோத்தும் அதைத்தான் சொன்னான்.

"ண்ணா, பொகையா தள்ளுது. வண்டி ரிச்சா கீது. மெயின் ஜெட்ட ஒரு நம்பர் கொறச்சிடுண்ணா, ஸ்ட்ரெயிட்ல பறக்கும்."

மெயின் ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் இருக்கும் ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. அதிலிருக்கும் ஓட்டை வழியாகத்தான் பெட்ரோல் மேலே ஏறுகிறது. ஓட்டையைச் சின்னதாக்கினால் பெட்ரோல் குறையும். புகையை நம்பிக் குறைத்திருந்தால் முதல் லேப் முடிவதற்குள் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்திருக்கும். பின்சக்கரம் லாக் ஆகும். பின்னால் பத்துப் பதினைந்து வண்டி வந்துகொண்டிருக்கும். மீதியை நான் எழுத வேண்டியதில்லை.

"வாய மூடிக்கினு அந்தப் பக்கம் போய் நில்லுடா" என்றேன். எனக்குக் குழப்பம் வந்தால் கோபமும் கூடவே வரும். வில்லியனூரில் என் பட்டறைக்கு வருகிற பசங்களைக் கேட்டால் இதைக் கதை கதையாகச் சொல்வார்கள்.

2. கோதண்டம் போட்ட நிபந்தனை

வினோத் பாகூர் பக்கத்துப் பையன். வயது இருபத்தாறு. குடும்பத்துக்குக் கரும்பும் நெல்லும். அப்பா கோதண்டம், அதிகம் பேசாத மனிதர். மகன் ரேஸ் ஓட்டுவது அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சத்தம் போடவும் மாட்டார். வண்டி இருக்கும் பக்கம் பார்க்காமல் நடந்து போவார், அவ்வளவுதான்.

முந்தின சீசனில் ஒரு ரேஸில் இன்ஜின் ஜாம் ஆகி வினோத் விழுந்தான். காறை எலும்பு உடைந்தது. பட்டறைக்கு வந்த வண்டியைப் பிரித்தபோது கார்புரேட்டரில் இருந்தது நான் போட்ட ஜெட் இல்லை. அதைவிட இரண்டு நம்பர் சின்னது. லீனாக ஓடினால் கொஞ்ச நேரத்துக்கு வண்டி கூர்மையாக இழுக்கும். அந்த ஆசையில், எனக்குத் தெரியாமல், ஸ்டார்ட்டுக்கு முன்னால் வினோத் தானே மாற்றியிருக்கிறான். கட்டோடு பட்டறைக்கு வந்தவனை, கட்டு இருக்கிறதே என்றுகூடப் பார்க்காமல் திட்டித் தீர்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டான்.

எலும்பு கூடியதும் மறுபடி வண்டி கட்டலாம் என்று வந்தான். அவன் பின்னாலேயே மொபெட்டில் கோதண்டமும் வந்தார். பட்டறைக்குள் வரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்.

"மேஸ்திரி, இன்னும் ஒரே ஒரு ரேஸ். வண்டி ஜாம் ஆவாம, இவன் வுழாம முடிக்கட்டும். அப்புறம் நான் எதுவும் கேக்க மாட்டேன். ஜாம் ஆச்சுன்னா அன்னிக்கே வண்டிய வித்துடணும். நானே வந்து பாக்கப் போறேன்."

"சரிப்பா" என்றான் வினோத். இந்த ஓட்டத்தைத் தவிர அந்தப் பையனுக்கு வேறு எதிலும் மனசு இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அதனால் அந்த இன்ஜினை வேகத்துக்காக நான் கட்டவில்லை. முடிப்பதற்காகக் கட்டினேன். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டை வழக்கமாக ஏற்றும் உயரத்துக்கு ஏற்றவில்லை. பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் ஈய வயரை வைத்து நசுக்கி, ஸ்குயிஷ் என்கிற அந்த இடைவெளி சரிதானா என்று இரண்டு முறை பார்த்தேன். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் விடும் கிளியரன்ஸைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன். ஜெட்டும் பாதுகாப்பான நம்பர்தான். பெட்ரோலையும் எண்ணெயையும் பட்டறையிலேயே என் கையால் அளந்து, கேனில் கலந்து எடுத்துவந்தேன். டூ-ஸ்ட்ரோக்கில் எண்ணெய்க்குத் தனி டேங்க் வைத்து ரேஸ் ஓட்டுவதில்லை, பெட்ரோலோடு கலந்தேதான் உள்ளே போகும்.

இப்படியெல்லாம் கட்டின இன்ஜின் பயிற்சி ரவுண்டிலேயே வெளுத்த பிளக்கைக் காட்டினால் எனக்கு எப்படி இருக்கும்?

3. காகிதத்தில் ஒரு சொட்டு

டிராக் திருக்கனூருக்கு அப்பால், அறுவடை முடிந்த மேட்டு நிலத்தில் வெட்டியது. இருபக்கமும் பனைமரம், ஓரத்தில் சவுக்குக் கட்டை வேலி. மைக்கில் வண்டி நம்பர்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அன்று ஓடியது டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் மட்டும்தான்.

முதலில் காற்று ஒழுகுகிறதா என்று பார்த்தேன். கார்புரேட்டரை இன்ஜினோடு சேர்க்கும் மேனிபோல்டு இறுக்கமாக இருந்தது. கார்புரேட்டரைக் கழற்றினேன். இந்த முறை நான் போட்ட ஜெட்டேதான் இருந்தது. வினோத்தை ஒரு பார்வை பார்த்தேன்.

"சத்தியமா தொடலண்ணா" என்றான்.

இன்ஜின் சரி, கார்புரேட்டர் சரி என்றால் மீதி பெட்ரோல்தான். கேனைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். வெள்ளைக் கேன். நான் போடுகிற ரேஸ் எண்ணெய் சிவப்பு. கலந்தால் ரோஸ் நிறத்தில் தெரியும். இது கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது. சிவப்போடு ஏதோ நீலம் சேர்ந்திருக்கிறது.

செய்தித்தாளைக் கிழித்து ஒரு சொட்டு விட்டேன். பெட்ரோல் பறந்துவிடும், எண்ணெய் மட்டும் வட்டமாக நிற்கும். நான் கலக்கும் அளவுக்கு எவ்வளவு வட்டம் நிற்கும் என்று எனக்குக் கண் அளவு உண்டு. இது வடைக்கு அடியில் வைத்த காகிதம் மாதிரி பரவியது.

இந்த இடத்தை, புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் நன்றாக மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். எண்ணெய் அதிகமானால் இன்ஜினுக்கு நல்லது என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். ஆனால் ஜெட்டின் ஓட்டை அதேதான். அது வழியாக எண்ணெய் அதிகம் போனால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறையும். கலவை கெட்டியானதால் மெதுவாகவும் ஏறும். பெட்ரோல் குறைந்தால் லீன், லீன் ஆனால் சூடு. வெளியே புகை, உள்ளே நெருப்பு. பிளக்கும் பொய் சொல்லவில்லை, புகையும் பொய் சொல்லவில்லை.

"கேனத் தொட்டது எவன்டா?" என்று கத்தினேன். வினோத் விழித்தான். பக்கத்து டீம்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் கோதண்டம் டீ கிளாஸோடு வந்தார். "குடி மேஸ்திரி, காலைல இருந்து நின்னுக்கினே இருக்க" என்று நீட்டினார். கிளாஸை வாங்கும்போது அவர் வேட்டியைப் பார்த்தேன். மடித்துக் கட்டிய ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நீலக் கறை. வயலுக்கு மருந்தடிக்கும் பவர் ஸ்ப்ரேயரும் டூ-ஸ்ட்ரோக்தான். அதற்குக் கடையில் கொடுக்கிற எண்ணெய் நீலம்.

கோபத்தில் நாக்கு நுனி வரைக்கும் வந்த வார்த்தை அப்படியே நின்றுவிட்டது. இந்த ரேஸில் வண்டி ஜாம் ஆக வேண்டும் என்று உலகத்தில் யாராவது ஆசைப்பட முடியுமானால் அது இந்த மனிதர்தான். ஜாம் ஆனால் அன்றைக்கே வண்டி போய்விடும், மகன் வீட்டோடு இருப்பான். அவரே போய், அது ஜாம் ஆகக் கூடாது என்று எண்ணெய் ஊற்றியிருக்கிறார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீ சூடு என்று சமாளித்தேன்.

4. டேங்கில் இருப்பது ஓட்டுகிறவனுக்குத் தெரிய வேண்டும்

"எவ்ளோ ஊத்துனீங்க அண்ணா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் மறைக்கவில்லை. "மூடியில அளந்துதான் ஊத்துனேன், ரெண்டு மூடி. அப்புறம் மனசு கேக்கல. அப்படியே பாட்டில சாச்சு கொஞ்சம் ஊத்துனேன். எஞ் ஸ்ப்ரேயர் எத்தினி வருஷமா ஓடுது தெரியுமா. ஒரு நாள் ஜாம் ஆனதில்ல. எண்ணெய்ல மட்டும் நான் கணக்கு பாக்க மாட்டேன்."

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. தெரிந்திருந்தால் வெறும் பெட்ரோல் சேர்த்துச் சரிக்கட்டலாம். தெரியாமல் சேர்த்து எண்ணெய் குறைந்துபோனால் அது அதைவிட ஆபத்து. திருக்கனூர் பெட்ரோல் பங்குக்குப் போய்ப் புதிதாக வாங்கிக் கலந்துவர நேரம் இல்லை. ஒரே வழிதான். அவர் ஊற்றிய எண்ணெய் இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கு ஏற்றபடி ஜெட்டைப் பெரிதாக்குவது. வேகம் கொஞ்சம் குறையும், பிஸ்டன் பிழைக்கும். சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டனில் கீறல் இல்லை. இரண்டு நம்பர் பெரிய ஜெட்டை எடுத்தேன்.

வினோத் என் கையைப் பிடித்தான். "இவ்ளோ பொகைக்கு ஜெட்ட ஏத்துறியேண்ணா. இன்னா ஆச்சு உனக்கு?"

சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் இவன் அப்பாமேல் பாய்வான். முதல் தடவையாக ரேஸ் பார்க்க வந்த மனிதர் அவமானப்பட்டுத் திரும்புவார். சொல்லாவிட்டால், டேங்கில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் ஒருவன் அதன்மேல் உட்கார்ந்து உயிரைக் கொடுத்து ஓட்டுவான். அது என் தொழிலுக்கு ஆகாது. சொல்லிவிட்டேன்.

அவன் முகம் சிவந்தது. ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு அப்பாவிடம் போனான். "யாரப்பா உன்ன ஊத்தச் சொன்னது?"

கோதண்டம் அவனை நிமிர்ந்து பார்த்தார். "நீதான்டா சொன்ன. ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருந்தப்ப ஏன்டா ஜாம் ஆச்சுன்னு கேட்டேன். எண்ணெய் பத்தலப்பான்னு சொன்னல்ல?"

வினோத் இப்படி ஒரு பொய் சொல்லி வைத்திருக்கிறான் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். நான் உள்ளே புகவில்லை. ஸ்க்ரூடிரைவரும் கையுமாக நின்றேன்.

மைக்கில் இவன் நம்பரைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள்.

"எண்ணெய் பத்தாம இல்லப்பா" என்றான் கடைசியில். "அண்ணன் போட்ட ஜெட்ட நான் மாத்திட்டேன். வேகமா போவணும்னு. எந் தப்புதான். உங்கிட்ட சொல்ல பயந்துக்கினு அப்படிச் சொல்ட்டேன்."

முடிந்தது கதை, வண்டியை ஏற்று என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவருக்கு அந்த உரிமை இருந்தது. கோதண்டம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இன்னிக்கு ஜெட்ட மாத்துறது யாரு?"

"நான்தான் அண்ணா."

"இவன் கை வெச்சானா?"

"இல்ல."

"அப்ப போடா. கூப்புடுறாங்க பாரு."

5. மூன்றாம் இடம்

கிளட்சில் இரண்டு விரல் எப்போதும் இருக்கட்டும், இன்ஜின் இறுகுகிற மாதிரி தெரிந்தால் யோசிக்காமல் பிடி என்று சொல்லி அனுப்பினேன். ஸ்ட்ரெயிட்டில் வண்டி கனமாகத்தான் போனது. அதில் இரண்டு பேர் தாண்டினார்கள். வளைவுகளில் மட்டும் வினோத் யாருக்கும் வழிவிடவில்லை. கோதண்டம் வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகனைப் பார்க்கவில்லை, சைலன்சரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு லேப்புக்கும் என்னிடம் ஒரே கேள்விதான்.

"பொகை வருதுல்ல மேஸ்திரி? அப்ப எண்ணெய் கீது."

"கீது அண்ணா. ஊருக்கே போதும்."

மூன்றாவதாக வந்து முடித்தான். காலையில் மாதிரியே இன்ஜினை நிறுத்தி உருட்டிக்கொண்டு வந்ததும் பிளக்கைக் கழற்றினேன். தேங்காய் ஓட்டு நிறம். அதை வினோத்திடம் நீட்டினேன். அவன் அதை அப்பாவின் கையில் கொடுத்தான். அவருக்கு அதில் படிக்க ஒன்றும் தெரியாது. சூடு தாங்காமல் துண்டில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "ஜாம் ஆவல" என்றார். வண்டியை விற்கிற பேச்சு அதோடு போயிற்று.

இப்போதும் ரேஸுக்கு முந்தின நாள் போன் செய்வார். "மேஸ்திரி, கலந்துட்டியா? நான் அந்தப் பக்கமே வரல" என்பார். நானும் நம்பிய மாதிரி சிரித்துவிட்டுக் கேன் மூடியை ஒரு தரம் பார்த்துக்கொள்வேன்.

பட்டறைக்கு வருகிற பசங்களுக்கு ஜெட், போர்ட், ஸ்குயிஷ் எல்லாம் நான் சொல்லித்தராவிட்டாலும் போனில் பார்த்தே கற்றுக்கொள்வார்கள். நான் சொல்வது இதை மட்டும்தான். இன்ஜின் ஏன் போச்சு என்று வீட்டில் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடு. திட்டு விழும், விழட்டும். பொய் சொன்னால் உன்மேல் உயிரை வைத்திருக்கிறவர்கள் அதை நம்பி உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அதற்கு ஒரு மருந்து தேடிக்கொண்டு வருவார்கள். அதை உன் டேங்கில்தான் ஊற்றுவார்கள்.