தயாளன் நிறுத்தாத ஒன்று

தயாளன் இறந்துவிட்டார் என்ற செய்தி கும்மிடிப்பூண்டிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் வந்தது. டிரைவர் பாட்டை நிறுத்தினார்.

எங்கள் இரும்பு வார்ப்பு ஆலையின் கணினிப் பிரிவை நடத்தியவர் அவர். கணக்குப் பிரிவு என்னுடையது. எந்தக் கணினிச் சேவைக்குப் பணம் ஒதுக்குவது என்று ஆண்டுதோறும் இருவரும் சேர்ந்து முடிவு செய்வோம். அதற்கு அவருக்கென்று ஒரு முறை இருந்தது. பட்ஜெட்டுக்கு முன் ஒவ்வொரு சேவையாகச் சொல்லாமல் நிறுத்திவிட்டு, மேசைத் தொலைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். யாராவது கூப்பிட்டுத் திட்டினால் அந்தச் சேவை பிழைத்தது. இல்லையென்றால் வெட்டு.

"இன்னா தயாளா, லோடு ஏத்தறதா வேணாவா? பேஜாரு பண்ணாத!" என்று சரக்கு அனுப்பும் பிரிவிலிருந்து வேலு கத்துவார்.

"இன்னும் நல்லா கத்துப்பா. மேடம் கேட்டுக்கினு இருக்காங்க" என்பார் தயாளன், என்னைப் பார்த்தபடி.

உலைக்கூடத்தில் விஷவாயு கசிந்தால் அலாரம் அடிக்கும் எச்சரிக்கைச் சேவையை மட்டும் அவர் நிறுத்தியதே இல்லை. அதற்கு மட்டும் ஏன் சலுகை என்று ஒருமுறை கேட்டேன்.

"அது இல்லாங்காட்டி, தேவைப்பட்டவன் போன் போட்டுக் கத்தமாட்டான் மேடம்." அப்போது அவர் சிரிக்கவில்லை.

இம்முறை நான் தனியாக முடிவெடுக்க வேண்டியிருந்தது. "அந்த அலாரம் இதுவரைக்கும் அடிச்சதே இல்ல. அந்தப் பணத்தைப் புது சாப்ட்வேர்ல போடுங்க" என்றார் முதலாளி. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தயாளனின் மேசையில் அமர்ந்து அந்தச் சேவையைப் பட்டியலிலிருந்து நீக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. திரையில் உலைக்கூடத்தின் எண்.

எடுத்தேன். உலையின் இரைச்சல் மட்டும் கேட்டது. "யாருப்பா?" என்றேன். இரைச்சல் நின்றது. ஆனால் இணைப்பு அறுபடவில்லை.

பராமரிப்புக்காக அன்று உலையை நிறுத்தியிருந்தார்கள் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

நடந்துபோய்ப் பார்த்தேன். கூடம் பூட்டியிருந்தது. "உள்ள யாருமில்ல மேடம். காலைல பூட்டினது, சாவி என்னாண்டதான் இருக்கு" என்றார் காவலாளி. அவர் திறந்துவிட்ட கூடத்தில் உலை குளிர்ந்து கிடந்தது. சுவரில் தொலைபேசி அதன் இடத்தில் மாட்டியிருந்தது.

கம்பியில் ஈரம் இறங்கியிருக்கும் என்றார் பழுதுபார்க்க வந்தவர். நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனாலும் எச்சரிக்கைச் சேவையைப் புதுப்பிக்க எழுதினேன். முதலாளி காரணம் கேட்டார். தயாளன் சொன்னதை அப்படியே சொன்னேன். கையெழுத்துப் போட்டார்.

தயாளனின் தொலைபேசி இப்போது என் மேசையில் இருக்கிறது. எதை நிறுத்துவதென்றாலும், யாரால் கத்த முடியாது என்றுதான் முதலில் யோசிக்கிறேன். உலைக்கூடத்தின் எண் மறுபடி வரவில்லை. தொலைபேசி அடிக்காதபோதுதான் உற்றுக் கேட்கிறேன்.